காலிப் போத்தல் மரியாதை

டாக்டர் அரசாங்க ஆஸ்பத்திரியை விட்டு மருந்து கம்பெனிக்குப் போகிறார் என்று கேள்விப்பட்ட அன்று, வார்டில் முதலில் வாயைத் திறந்தவள் நான்தான். "மாத்திரை விக்கிறதுக்கா இவ்வளவு படிச்சாங்க?" என்றேன். அவர் காதில் விழ வேண்டும் என்றேதான் சொன்னேன். விழுந்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "இங்க நான் எழுதிக் குடுக்கிற மருந்துல எதையும் நம்ம ஆளுங்களுக்குக் குடுத்துப் பார்த்துச் செஞ்சதில்லக்கா. அதச் செய்யிற எடத்துல நம்ம ஆள் ஒருத்தராச்சும் இருக்கணும்லா." நல்ல சாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஈப்போவில் நான் நர்ஸாக இருந்த காலத்தில், நோயாளியின் பேச்சைக் கடைசிவரை கேட்ட டாக்டர் அவர் ஒருவர்தான். லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்த பெண். அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா அதே தோட்டத்தில் புல் வெட்டினார். அதனாலோ என்னவோ, "சாப்பாட்டுல கவனமா இருக்கீங்களா?" என்று அவர் யாரையும் கேட்டதில்லை. "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? தொட்டுக்க என்ன?" என்பார். ஆமாம் சாமி போட்டுத் தப்பிக்க முடியாத கேள்வியாகப் பார்த்துக் கேட்பார். அப்படிப்பட்டவர் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

கம்பெனியில் அவருக்கு முதலில் கிடைத்தது, பக்கவிளைவுப் புகார்களைப் படிக்கும் வேலை. யாரும் விரும்பி உட்காராத மேசை அது. இவர் ஒவ்வொரு கடிதத்தையும் படித்து, எழுதினவருக்கே போன் போட்டுக் கேட்பாராம். அங்கிருந்து மருந்துச் சோதனைகளை நடத்தும் பிரிவுக்குப் போனார். பிறகு அதற்குத் தலைமை, பிறகு கம்பெனியின் மருத்துவத் துறைக்கே தலைமை. கோலாலம்பூரில் உயரமான கட்டடத்தில் அறை, கோட்டு, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் வந்தன. தீபாவளிக்கு ஈப்போ வந்தால் மட்டும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, முறுக்கில் உப்பு கூடுதல் என்று குறை சொல்லிக்கொண்டே தட்டைக் காலி செய்வார். என் கோபம் எப்போது கரைந்தது என்று எனக்கே தெரியாது.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கூப்பிட்டார். இனிப்பு நீருக்கு, அதாவது சர்க்கரை வியாதிக்கு, ஒரு புது மாத்திரை. எவ்வளவு கொடுத்தால் சரி என்று பார்க்கும் ஆய்வு. ஈப்போவில் ஒரு கிளினிக்கையும் அதில் சேர்க்க மேலிடத்தில் கேட்டிருக்கிறார். தோட்டத்து ஜனங்கள் ஒழுங்காக மாத்திரை சாப்பிட மாட்டார்கள், பாதியில் நின்றுவிடுவார்கள், காசும் காலமும் வீண் என்று மறுத்திருக்கிறார்கள். "அவங்க ஒழுங்கா வருவாங்க, அதுக்கு நான் பொறுப்புன்னு சொல்லிட்டேன்க்கா. இனி நம்ம பேராக் மாநிலத்துக்கு ஒரு ஆய்வு வருமா வராதாங்கிறது இதுலதான் இருக்கு" என்றார். ஆட்களைப் பார்த்துக்கொள்ள என்னைக் கேட்டார், நானும் ஒப்புக்கொண்டேன்.

ஆய்வை நடத்தியவர் கிளினிக்கின் சீன டாக்டர். ஆட்களை வரவழைப்பதும், மாதம் ஒருமுறை போத்தலைத் திரும்ப வாங்கி மிச்ச மாத்திரையை எண்ணி எழுதுவதும் என் வேலை. வந்தவர்கள் எல்லாரும் பழைய தோட்டத்து ஆட்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட, இப்போது ஜாகா என்கிற காவல் வேலை, தொழிற்சாலை வேலை, பள்ளிக்கூட வேன் ஓட்டுவது என்று பிழைப்பவர்கள். "மிஸ்ஸி, அந்தப் பெரிய டாக்டரம்மா நம்ம லயத்துப் பிள்ளையாமே?" என்று நர்ஸான என்னைக் கேட்டுப் பூரித்துப் போனார்கள். நான் சும்மா இருந்தேனா? "அந்தப் பிள்ள பேரக் காப்பாத்துங்க. ஒரு மாத்திரை விடக் கூடாது" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினேன். அது நான் செய்த முதல் தப்பு.

முதல் மாதம் எண்ணிக்கை சரியாக இருந்தது. இரண்டாம் மாதமும் அப்படியே. ஒருவரும் ஒரு மாத்திரைகூட மறக்கவில்லை. நானே என் ரத்த அழுத்த மாத்திரையை வாரத்தில் இரண்டு நாள் மறக்கிறவள். ஆனாலும் நம் ஜனங்கள் மேலிடத்தின் மூக்கை உடைத்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரே பெருமை.

மூன்றாம் மாதம் ஒரு காலையில், கிளினிக் வாசலில் ஒரு பெரியவர் தம் மோட்டார்சைக்கிளின் மேல் உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். போத்தலைத் திறந்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, உதடு அசைய எண்ணினார். சிலவற்றை மட்டும் போத்தலில் போட்டார். மீதியைக் கால்வாயில் போட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, "எல்லாம் கரெக்டா சாப்பிட்டேன் மிஸ்ஸி" என்று நீட்டினார். நான் எண்ணினேன். சரியாக இருந்தது. சரி என்று எழுதினேன். சொன்னால் டாக்டரின் வாக்கு என்ன ஆகும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அடுத்த மூன்று மாதமும் அப்படியேதான் எழுதினேன்.

ஆறாம் மாத முடிவில் டாக்டர் வந்தார். என் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"இது நல்லா இல்லக்கா."

"ஏன், எல்லாமே சரியாத்தானே இருக்கு?"

"அதான் நல்லா இல்ல. சோதனைக்கு எடுத்த ரத்தத்துல பாதிப் பேருக்கு மருந்து இல்லவே இல்ல. போத்தல் மட்டும் சரியா வந்திருக்கு."

தாள்களை மூடி வைத்துவிட்டு, தாம் பிறந்த தோட்டத்து டிரெஸரைப் பற்றிச் சொன்னார். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவரை அங்கே டிரெஸர் என்பார்கள். அவர் கொடுக்கும் கசப்பு மருந்தை இவருடைய அம்மா வாழை மரத்தடியில் ஊற்றிவிட்டு, போத்தலைக் கழுவி, மறக்காமல் கொண்டுபோய்க் கொடுப்பாராம். மருந்தைத் திருப்பிக் கொடுத்தால் அந்த மனிதர் மனம் நோகும். காலிப் போத்தலைக் கொடுப்பதுதான் மரியாதை. "லயத்துல எல்லாரும் அப்படித்தான். இது எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். மத்தவங்க சொன்னதப் பொய்யாக்கணும்ங்கிற வீராப்புல மறந்துட்டேன்" என்றார். டாக்டரை ஏமாற்றியது பொய் இல்லை, பாசம்தான். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே கம்பெனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் அவரே எழுதினார். வேறு யாரும் இன்னும் கவனிக்காத குறையை, தம் ஊரின் குறையை, தம் கையால் எழுதினார். கொஞ்சம் பூசி மெழுகியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவரிடமே அப்படிக் கேட்டேன். "தப்பான அளவ சரின்னு சொல்லி வித்தா, அதச் சாப்பிடப் போறவங்க யாருக்கா?" என்றார். ஈப்போவின் முடிவுகள் முழுவதும் ஆய்விலிருந்து நீக்கப்பட்டன. "நான் அன்றே சொன்னேனே" என்று மேலிடத்தில் ஒருவர் சிரித்தாராம். டாக்டர் எழுதிய அறிக்கையைப் படித்துப் பார்த்தேன். "ஜனங்கள் உண்மை சொல்லும்படி நாங்கள் கேட்கவில்லை, பொறுப்பு என்னுடையது" என்று இருந்தது. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதோடு இந்த ஆய்வில் டாக்டர் செய்ய வேண்டியது முடிந்தது. விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆய்வில் சேர்ந்த நோயாளிகளிடம் கம்பெனிக்காரர்கள் நேராகப் பேசக் கூடாது என்பது விதி. அதற்கும் தனி அனுமதி வாங்கிக்கொண்டு, சீன டாக்டரையும் கூட்டிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கு வந்தார். ஆய்வில் இருந்த எல்லாரும் பழைய மருந்துக்குத் திரும்பியிருந்தார்கள். தங்களை ஏசத்தான் வந்திருக்கிறார் என்று தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க மேல கோபம் இல்ல" என்று ஆரம்பித்தார் டாக்டர். "எங்கம்மாவும் போத்தலக் கழுவிக் குடுத்தவங்கதான். ஆனா ஏன் சாப்பிடலன்னு தெரிஞ்சாத்தான் அடுத்த மருந்த ஒழுங்கா செய்ய முடியும். சொல்றவங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த மோட்டார்சைக்கிள் பெரியவர் எழுந்தார். அவருக்கு ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை. "மாத்திரை போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருதும்மா. வாசல் கேட்ட விட்டுட்டு எப்படிப் போறது? ரெண்டு தடவ ஏசிட்டாங்க. வேல போயிட்டா சூசாலா, கஷ்டம்" என்றார். டாக்டர் அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எத்தனை தடவை, எந்த நேரத்தில், கழிவறை எவ்வளவு தூரம் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அடுத்து வந்த அம்மாவுக்குத் தொழிற்சாலையில் கழிவறை போக மேற்பார்வையாளரிடம் அட்டை வாங்க வேண்டும். இன்னொருவர் பாதி மாத்திரையை அதே வியாதியுள்ள தங்கைக்குக் கொடுத்திருக்கிறார். மண்டபத்தில் வரிசை நீண்டது. ஆறு மாதம் நான் எண்ணி எழுதியதில் இல்லாத உண்மை அந்த ஒரு மத்தியானத்தில் வந்து குவிந்தது. கம்பெனி முதலாளிகள் நடுவில் உட்கார்கிற அந்தப் பெண், பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்து, விரல் வலிக்க எழுதிக்கொண்டிருந்தார்.

நான் கோப்பி கலக்கிக் கொடுத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அப்படியே நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. முப்பது வருஷம் நர்ஸாக இருந்து எடுத்த பேரும் அப்படியே இருந்திருக்கும். தட்டை வைத்துவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றேன். என் முறை வந்ததும் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"அந்தப் பெரியவர் மாத்திரையக் கால்வாயில போட்டத நான் கண்ணால பார்த்தேன் டாக்டர். தெரிஞ்சேதான் சரின்னு எழுதினேன்."

அவர் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மற்ற எல்லாருக்கும் செய்தது போலவே புதுத் தாள் ஒன்றைப் புரட்டினார்.

"எந்த மாசத்துலேருந்துக்கா?" என்று கேட்டார்.