சுவருக்கு வெளியே ஒரு சுடர்

பிள்ளைகளா, நேற்று கல்லறைத் திருநாளில் உருகிய மெழுகின் மணமும் ஈர வயலின் மணமும் கலந்து வந்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேனே, காரணம் சொல்கிறேன்.

என் சிறுவயதில் அம்மா எல்லாக் கல்லறைக்கும் பூவும் பொரியும் தூவிவிட்டு, ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் முந்தானைக்குள் மறைத்து வெளியே வருவார். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்துபோன என் தங்கையைக் கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியே, வாய்க்கால் கரையில்தான் புதைத்திருந்தார்கள்.

“பேரே வைக்காத புள்ளைக்கு எதுக்கு அண்ணி மெழுகுவர்த்தி?” என்றார் அத்தை ஒருமுறை.

“பசிச்சு அழுதுச்சே, அது போதாதா?”

அத்தை, சுடர் காற்றில் அணையாதபடி தன் சேலையை விரித்துப் பிடித்தார். சுடர் வாய்க்கால் தண்ணீரில் நீந்துவதைப் பார்த்தபடியே நான் அம்மா மடியில் தூங்கிப்போவேன்.

இப்போது அம்மா சுவருக்கு உள்ளே இருக்கிறார். நேற்று உங்களை வீட்டில் விட்டபின் தனியாகத் திரும்பிப் போனேன். அவர் கல்லறைச் சுடரில் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து, கைக்குள் பொத்தி, தங்கையிடம் கொண்டுபோய் வைத்தேன்.