அடி விழாத படம்

மண்வெட்டியால் பின்மண்டையில் அடி வாங்கியவனுக்குச் சினிமாச் சண்டையில் முதலில் தெரிகிற பொய் சத்தம்தான். படத்தில் அடி விழுந்தால் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது. எனக்கு விழுந்தபோது சத்தமே இல்லை. பிடரியில் யாரோ வெந்நீரை ஊற்றியது போல ஒரு சூடு. அப்புறம் வாய்க்கால் என் முகத்துக்கு எழுந்து வந்தது. வாய் நிறையச் சேறு. அப்போது நான் நினைத்தது என் பெண்டாட்டியை இல்லை, குலதெய்வத்தை இல்லை. சட்டைப்பையில் இருக்கிற போன் நனைந்துவிடுமே என்று நினைத்தேன். மண்டை உடையும்போதும் வேறொன்றுக்குக் கவலைப்படுகிறவன் நான். எந்தப் படத்திலும் இப்படி ஒருவன் விழுந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் குத்தாலத்துக்குக் கிழக்கே, பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டால் வாய்க்காலில் முறை வைத்துத்தான் வயலுக்குப் பாய்ச்ச வேண்டும். ஒருவன் தன் முறை வந்ததும் வைக்கோலும் சேறுமாக வாய்க்காலை அடைத்துத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வான். முறை முடிந்ததும் அந்த அடைப்பை அவனே குனிந்து வெட்டி, அடுத்தவனுக்கு விட வேண்டும். அடுத்தவன் கரையில் நின்று பார்க்கலாம். கை வைக்கக் கூடாது. ஒருவன் போட்ட அடைப்பில் இன்னொருவன் மண்வெட்டி போடுவது, அவன் வீட்டு அடுப்பில் கால் வைப்பதற்குச் சமம்.

எனக்கு முந்தின முறை பெரியப்பா மகனுடையது. நேரம் முடிந்தும் ஆளைக் காணோம். இந்தத் தண்ணீரும் நின்றுபோனால் பயிர் என்ன ஆகும்? கரையில் நடந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன். கடைசியில் நானே குனிந்து அவன் அடைப்பை வெட்டினேன். அவன் பின்னால் வந்ததை நான் பார்க்கவில்லை. மண்வெட்டியின் வாயால் அடிக்காமல் பின்புறத்தால் அடித்திருக்கிறான். அதனால்தான் நான் இருக்கிறேன். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து என்னைச் சேற்றிலிருந்து தூக்கினார்கள். அவனைப் போலீஸ் கூட்டிப் போனது; ஜாமீனில் வந்துவிட்டான்.

சேதி கேட்டு என் தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தான். வந்தவன் என் தலைக்கட்டை ஒரு பார்வை பார்த்தான். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பரணில் ஏறி, மட்டை வெட்டுகிற அரிவாளைத் தேடி எடுத்தான். கொல்லையில் உட்கார்ந்து துரு போகத் தீட்டினான். கொண்டுவந்து டிவி ஸ்டாண்டின் மேல் வைத்தான்.

"அடுத்த முறைக்கு நான்தாண்ணே வாய்க்காலுக்குப் போவேன். நீ படுத்துப் படம் பாரு" என்றான்.

அடுத்த முறைக்குப் போனால், அடைப்பை வெட்டிவிடப் பெரியப்பா மகனும் அங்கே வந்து நிற்க வேண்டும். அதுதான் வழக்கம். இருவரும் ஒரே மடையில் நிற்பார்கள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஒரே ஒரு வீச்சு. பெரியப்பா வீட்டில் பிணம், தம்பி ஜெயிலில். அப்புறம் செத்தவன் பிள்ளைகள் மீசை முளைத்து என் வாசலுக்கு வருவார்கள். இதையெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தேன். இன்டர்வெல் இல்லாமல் ஓடியது.

இதற்கு நடுவில் தம்பி பழிவாங்குகிற படமாகப் போட்டான். அவன் போனில் இல்லாத படம் கிடையாது; அங்கிருந்து டிவிக்கு வரும். காலைச் சாப்பாடு முடிந்தால் ஒன்று, மத்தியானம் ஒன்று. எனக்கும் முன்பெல்லாம் சண்டைப் படம்தான் பிடிக்கும். கல்யாணமான புதிதில் வாடகைக்கு சிடி எடுத்து, சண்டை வரும் இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் நான். இப்போது ஒவ்வொரு அடிக்கும் பின்மண்டைத் தையல் இழுக்கிறது.

ஒரு படத்தில் கரும்புத் தோட்டத்துக்குள் கதாநாயகனை ஒரு கூட்டம் சூழ்கிறது. ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொருவனாக வந்து வெட்டுப்பட்டுப் போகிறான். ஒருவன் கை மணிக்கட்டோடு துண்டாகி விழுந்து, விரல்கள் மண்ணைப் பிறாண்டுகின்றன. தம்பி பக்கோடா மென்றுகொண்டிருந்தான்.

"எப்புடி நிக்கிறான் பாருண்ணே."

"நிக்கிறான். வேட்டியெல்லாம் ரத்தமா நிக்கிறான். அடுத்த சீன்ல வெள்ளை வேட்டி கட்டிட்டு வருவான் பாரு. யாருடா துவைச்சது?"

அடுப்படியிலிருந்து என் மனைவி பதில் சொன்னாள். "ஒங்க சட்டைய உப்புப் போட்டு ஊற வச்சு, நான் அலசினேனே. தண்ணி தெளியவே மாட்டேன்னுட்டு. அத எவனாச்சும் படமா எடுப்பானா?"

"அண்ணி, செத்த இருங்க. கிளைமாக்ஸ்."

"கிளைமாக்ஸ் முடிஞ்சா தட்ட கழுவிக் கவுத்து வச்சிடுங்க தம்பி."

அவள் சொன்னது சரி. வெட்டுவதைப் பல பக்கத்திலிருந்து காட்டுகிறவர்கள் வெட்டுப்பட்டவனைக் காட்டுவதில்லை. அவன் எப்படிக் கக்கூசுக்குப் போகிறான், யார் பிடித்துக்கொள்கிறார்கள், தலையணையில் ஒட்டிய தலையை விடியும்போது எப்படிப் பிரித்தெடுக்கிறான் என்று ஒரு படத்திலும் இல்லை. விழுந்தவுடன் அவன் வேலை முடிந்துவிடுகிறது. என் வேலை விழுந்த பிறகுதான் ஆரம்பித்தது.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். முறை வருகிற வரை தம்பியின் கண்ணுக்கு ஓர் அடி, ஒரு வெட்டு படாமல் வைத்திருந்தால், அவன் கொதிப்பு தானாக அடங்கும். அதற்கு அடி விழாத படமாகத் தேட வேண்டும். ரிமோட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

முதலில் சீரியல் போட்டேன். குடும்பக் கதைதானே என்று. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மாமியார் மருமகளை அறைந்தாள். அதை முன்னால் இருந்து, பக்கத்திலிருந்து, மேலிருந்து காட்டினார்கள். விளம்பரம் முடிந்து மறுபடி அறைந்தாள். மருமகள் பாயசத்தில் விஷம் கலந்தாள்.

"இதுக்கு நம்ம படமே தேவலாம்ணே. அவன் சொல்லிட்டு வெட்டுறான்" என்றான் தம்பி.

சாமி படம் போட்டேன். அம்மன் அசுரன் நெஞ்சில் கால் வைத்துத் தலையைக் கொய்தாள். காமெடிப் படம் போட்டேன். ஒருவன் மண்டையில் இரும்புச் சட்டியால் அடித்தார்கள். அவன் கண்ணைச் சுழற்றினான். தம்பி சிரித்தான், மனைவி சிரித்தாள். நான் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் இதற்குத்தான் நானும் சிரித்தேனா?

பக்கத்து மாநிலத்துப் படங்கள் அமைதியாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒன்று போட்டேன். மழை பெய்தது. இரண்டு பேர் டீ குடித்தார்கள், பேசினார்கள், மறுபடி குடித்தார்கள். நான் படிப்பை ஒன்பதாவதோடு விட்டவன். கீழே எழுத்து ஓடுகிற வேகத்துக்கு எனக்குப் படிக்க வராது. முகத்தை மட்டும் பார்த்தேன். நல்ல முகங்கள். நிம்மதியாக இருந்தது. கடைசியில் ஒருவன் இன்னொருவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு, மீதி டீயைக் குடித்தான்.

"ஆகா. இவன்தாண்ணே ஆளு" என்றான் தம்பி. அதற்குமுன் அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு சமையல் நிகழ்ச்சி. நண்டை உயிரோடு பிளந்தார்கள். மிருகங்கள் சேனல், சொல்லவே வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படத்தில்கூட எலி பூனையைச் சுத்தியலால் அடித்தது. கிரிக்கெட்டில் பந்து ஹெல்மெட்டில் பட்டு, அதையும் மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். உலகத்தில் ஒருவரை ஒருவர் அடிக்காமல் பார்ப்பதற்கு எதுவும் எடுத்து வைக்கவில்லை என்று தெரிந்தது. ரிமோட்டைத் தம்பியிடமே கொடுத்துவிட்டேன்.

முறைக்கு முதல் நாள் திருவையாற்றில் ஒரு சாவு. என் மனைவி போயே ஆக வேண்டும். தினமும் என் கட்டைப் பிரித்து, காயத்தைக் கழுவி, மருந்து வைத்து, திரும்பக் கட்டுகிறவள் அவள்தான். தையலின் ஒரு முனை பிரிந்து சீழ் வைத்திருந்தது. ஒருநாள்கூட விடக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

"தம்பி, இன்னைக்கி ஒரு நாள் நீங்க செஞ்சிடுங்க. துணி ஒட்டிருக்கும், நனைச்சு நனைச்சு எடுக்கணும்" என்று காட்டிவிட்டுப் பஸ் ஏறினாள்.

"இது ஒரு விஷயமா அண்ணி" என்றான் அவன்.

டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதற்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தம்பி என் பின்னால் நின்று கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தான். அடித்துணி ஒட்டியிருந்தது. அவன் படத்தைப் பார்த்துக்கொண்டே, நனைக்காமல் இழுத்திருப்பான் போல. பிடரியில் அதே சூடு இறங்கியது. சட்டைக் காலருக்குள் போனது. நாற்றம் எனக்கே வந்தது.

"அண்ணே" என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"என்னடா?"

"உள்ள வெள்ளையா தெரியுதுண்ணே."

"அது சீழுடா. பஞ்ச வச்சு மெதுவா ஒத்து."

ஒத்தவில்லை. தண்ணீர்ப் பாத்திரம் கீழே விழுந்து உருண்டது. திரும்பிப் பார்த்தால் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தான். முகம் சுண்ணாம்பு. மத்தியானம் சாப்பிட்ட தயிர்ச்சோறு முழுவதையும் என் காலடியில் வாந்தி எடுத்தான். டிவியில் அந்த நேரம் பார்த்து ஒருவன் தலையைச் சீவிவிட்டார்கள். தலை படியில் உருண்டு இறங்கியது.

"அதை நிறுத்துண்ணே."

ரிமோட் எங்கே என்று தெரியவில்லை. ஒரு கையால் பஞ்சை என் மண்டையில் அழுத்திக்கொண்டு, மறுகையால் சுவரில் சுவிட்சைத் தடவி அணைத்தேன். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகை நீவிவிட்டேன். கட்டை நானே கண்ணாடியும் இல்லாமல் ஒருவழியாகச் சுற்றிக்கொண்டேன். அவன் அதைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலிக்குதா என்று கேட்டான். ஊருக்கு வந்ததிலிருந்து அவன் அதைக் கேட்டது அப்போதுதான்.

மறுநாள் விடிந்து எழுந்ததும் டிவி ஸ்டாண்டைப் பார்த்தேன். அரிவாள் இல்லை. தம்பியும் இல்லை. கொல்லையில் மண்வெட்டியும் இல்லை.

மனைவி இன்னும் திரும்பவில்லை. எழுந்து நடந்தால் எனக்குத் தலை சுற்றும். வாசல் வரை போய்த் தூணைப் பிடித்து நின்றுவிட்டுத் திரும்பினேன். போன் அடித்தேன். அவன் போன் வீட்டுக்குள்ளேயே பாயின் மேல் அடித்தது. டிவியைப் போட்டேன், எதையாவது கேட்டால் மனது அடங்கும் என்று. உடனே சத்தத்தைக் குறைத்தேன், வாய்க்கால் பக்கமிருந்து கூச்சல் வருகிறதா என்று கேட்க. சத்தமில்லாமல் படத்தில் ஒருவனை நான்கு பேர் மிதித்தார்கள். வெளியே ஒரு நாய் குரைத்தது, நின்றது. ஒரு பைக் வேகமாகப் போனது. யாரைத் தூக்கிக்கொண்டு போகிறது? என் மனதுக்குள் அரிவாள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பெரியப்பா மகனின் கழுத்தை நான் எத்தனை தடவை அங்கே பார்த்தேன் என்று சொல்ல முடியாது. எந்தச் சினிமாக்காரனும் என்னளவுக்கு வெட்டியிருக்க மாட்டான்.

வெயில் ஏறிய பிறகு தம்பி வாசலில் வந்து நின்றான். முழங்கால் வரை சேறு. கைலியில் ரத்தம். கெண்டைக்காலில் கோடாக இறங்கிக் குதிகாலில் சொட்டியது.

"யாரு ரத்தம்டா?"

"என்னுதுதாண்ணே. வாய்க்கால்ல நத்தை ஓடு கிழிச்சிட்டு."

"அவன் வந்தானா?"

"வந்தாரு."

கால் கழுவினான். அரிவாளை இடுப்பிலிருந்து உருவிப் படியில் வைத்தான். அதில் சேறு மட்டும்தான் இருந்தது. அதை நான் தொட்டுப் பார்த்தேன். கீழே உட்கார்ந்து அவனே சொன்னான்.

"இடுப்புல இது இருந்துச்சு. அவரும் பாத்தாரு. பாத்துட்டு எறங்கிக் குனிஞ்சு அடைப்ப வெட்ட ஆரம்பிச்சாரு. எனக்கு முதுகக் காட்டிட்டு. கைக்கெட்டுற தூரம்ணே. பின்மண்டை நல்லாத் தெரியுது. முடி நரைச்சு, கொட்டிப்போயி."

"சரி."

"அதுல உன் தையல்தாண்ணே தெரிஞ்சுது."

அவன் காலில் என் துண்டைச் சுற்றிக் கட்டினேன்.

"தண்ணி?" என்றேன். எனக்கு அதுவும் கவலை.

"பாயுது. கடைசி வயல் வரைக்கும் போவுது. அவரு ஏறிப் போவும்போது, ஒங்க அண்ணன் கட்டப் பிரிச்சாச்சாடான்னு கேட்டாரு. இன்னும் இல்லன்னேன். தலையாட்டிட்டுப் போயிட்டாரு."

கேஸ் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவன் வீட்டுக்கு நாங்கள் போவதில்லை, அவர்கள் வருவதும் இல்லை. அரிவாள் பரணுக்குப் போய்விட்டது.

வாய்க்காலிலிருந்து வந்த அன்று மத்தியானம் பழக்கதோஷத்தில் தம்பி ஒரு படம் போட்டான். ஆரம்பத்திலேயே ஒருவனைச் சந்தையில் வைத்துக் கட்டையால் அடிக்கிற காட்சி. பக்கோடாத் தட்டை நகர்த்திவிட்டு, கையால் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"முடிஞ்சிட்டாண்ணே?"

"இல்ல. இன்னும் அடிக்கிறானுவ."

"முடிஞ்சதும் சொல்லு."

இரண்டு பேருக்குமாக நான் பார்த்தேன். ரொம்ப நேரம் அடித்தார்கள்.