அண்ணன் தட்டிப் பார்க்காத ஒரே கல்

அண்ணன் இல்லாமல் ஓராண்டைக் கடந்து, இன்று படையலுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி என்னை எழுதச் சொன்னவர் அண்ணி. நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நல்லதை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் அண்ணனைப் பற்றி ஒரு முக்கியமான நல்லதைச் சொல்ல வேண்டுமென்றால், என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். நான் அவருக்குப் பன்னிரண்டு வயது இளையவள். அடுத்தடுத்து இரண்டு வருடம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளையாமல் போனதும் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மரம் அறுக்கும் ஆட்களோடு போனார். அந்த வேலையில்தான் என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். முதுகு வலி ஜாஸ்தியாகி, இனி மரம் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகு, வேங்கிக்காலில் கட்டிய வீட்டின் பின்னறையில் மரம் அறுக்கும் செயின்சா ரம்பத்தின் பல் வைத்த செயினுக்குச் சாணை பிடிக்கும் மிஷின் ஒன்றை வைத்தார். என் கணவர் ஓசூரில் வேலை செய்வதால் நானும் பாப்பாவும் அதே வீட்டின் மாடியில் இருக்கிறோம்.

மிஷினுக்கான சாணைக்கல்லைப் போனில் தேடி வாங்கித் தருவது என் பொறுப்பு. கல் விஷயத்தில் அண்ணன் அவ்வளவு கண்டிப்பு. பல் நெருக்கமான செயினுக்கு மெல்லிய கல், அகலமானதற்குத் தடித்த கல். நடு ஓட்டை மிஷினின் தண்டில் இறுக்காமலும் ஆடாமலும் உட்கார வேண்டும். கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் மிஷின் சுற்றும் வேகத்தைவிடக் கம்மி என்றால் அந்தக் கல்லை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். ரொம்பக் கெட்டியான கல்லும் வேண்டாம், பல் சூடேறி நீலமாகிவிட்டால் சீக்கிரம் மழுங்கிவிடும் என்பார்.

"ஒண்ணு ரோஸ், ஒண்ணு வெள்ளை. எதுண்ணா?"

"கலர் பாத்து எடுக்க அது என்னா பொடவையா? கீழ எழுதியிருக்கறத படி."

படிப்பேன். சந்தேகம் வந்து மறுபடியும் படிப்பேன்.

"மாப்ள பாக்கறப்பகூட நீ இவ்ளோ யோசிக்கலயேம்மா!"

"அப்ப யோசிக்காததாலதான்ணா இப்ப யோசிக்கறேன்."

என் கணவர் இதைப் படித்துவிட்டுக் கோபப்பட மாட்டார். அவர் எதிரிலேயே பலமுறை சொல்லிச் சிரித்ததுதான்.

புதுக் கல் வந்ததும் அண்ணன் அதை ஒரு விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவரின் பிடியால் மெதுவாகத் தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் நல்ல கல். சத்தம் அடைத்தாற்போல் வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது, சுற்றும்போது உடைந்து சிதறும். எனக்கும் தட்டத் தெரியும்.

போன ஆண்டு ஒரு கல் பத்து நாள் தாமதமாக வந்தது. அண்ணன் வெளியே போயிருந்தார். நான் பிரித்துத் தட்டினேன். கணீரென்றுதான் கேட்டது. மேசை மேல் வைத்தேன். அந்த நேரம் பாப்பா தூங்கி எழுந்து அழுதாள். சட்டென்று திரும்பியபோது என் முழங்கை பட்டுக் கல் டைல்ஸ் தரையில் விழுந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறலும் தெரியவில்லை. மறுபடி தட்டிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் தட்டவில்லை. பாப்பா அழுதது காரணமா, சத்தம் எப்படி வருமோ என்ற பயமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. கல்லைப் பெட்டியில் வைத்துவிட்டு மேலே போய்விட்டேன்.

மறுநாள் காலை நான்கு பேர் செயினோடு காத்திருந்தார்கள். அண்ணன் பின்னறையிலிருந்து கேட்டார்.

"தட்டிப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்ணா."

அது பொய் இல்லை. கல் விழுவதற்கு முன் தட்டியது உண்மைதான். விழுந்ததைச் சொல்லாமல் விட்டேன். அண்ணன் கல்லை மாட்டினார். மூன்றாவது செயினில் கல் உடைந்து சிதறியது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கன்னத்தில் ஏழு தையல்.

பார்க்க வந்த எல்லோரிடமும் அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னார். "தட்டிப் பாக்காம மாட்டிட்டேன், என் தப்பு." நான் பக்கத்தில் காபி டம்ளரோடு நின்றிருந்தேன். பிறகு புதுக் கல் வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு, "நீ தட்டும்மா, நான் கேக்கறேன்" என்பார். அவருக்குத் தெரிந்திருந்ததா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு காலையில் நெஞ்சு வலி வந்து, அன்று மாலையே ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. அந்தக் காயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார் மருத்துவர். அவரிடம் மூன்று முறை கேட்டேன்.

காரியத்தன்று பந்தலில் ஒருவர் சொன்னார்: "மரத்து மேல நின்னு அறுத்தப்பகூட ஒரு கீறல் இல்ல. வூட்ல உக்காந்து அசால்ட்டா இருந்து மூஞ்ச கிழிச்சிக்கினான்." பலரும் தலையாட்டினார்கள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மிஷினை அண்ணிதான் ஓட்டுகிறார். இந்தக் கட்டுரையைக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பாப்பாவுக்கு மட்டும் சாதம் ஊட்டினார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

"அவர் என்கிட்டகூட உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல. தெரியாம இருந்தாரோ, தெரிஞ்சே இருந்தாரோ. நீ எழுது."

"எல்லாரும் படிப்பாங்க அண்ணி."

"படிக்கட்டும். அவர அசால்ட்டுன்னு சொன்னவங்களும் படிப்பாங்க இல்ல?"

அடிபட்ட அன்று அண்ணனின் கன்னத்தைத் தன் துண்டால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மரக்கடை பாய்க்கும், கடைசி நாளில் வண்டி கொடுத்த எதிர்வீட்டாருக்கும், காரியம் முடியும்வரை வேலைக்குப் போகாமல் எங்களோடு இருந்த மரம் அறுக்கும் நண்பர்களுக்கும், அண்ணி மிஷினில் உட்கார்ந்த பிறகும் செயினை வேறு இடத்துக்குக் கொண்டுபோகாதவர்களுக்கும் எங்கள் நன்றி.

உங்கள் எல்லோரிடமும் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி அந்த விபத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அண்ணன் கவனமில்லாமல் இருந்தார் என்று சொல்லாதீர்கள். அண்ணன் கேட்டார். பதில் சொன்னது நான்.