கம்பியைப் பிடிக்காத கண்டக்டர்

கண்டக்டர் வேலையில் சில்லறை தேடுவது, கணக்கு ஒப்படைப்பது, சண்டை போடுவது எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். நிற்பதைக் கற்றுக்கொள்வதற்குள்தான் உயிர் போய்விடும்.

ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அடுத்தவர் காலை மிதித்துத் திட்டு வாங்கியிருக்கும் அன்பர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். உங்களுக்காவது பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. எனக்கு ஒரு கையில் டிக்கெட் கட்டு, மறு கையில் டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச், தோளில் பை, வாயில் விசில். அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லுக்கும் கன்னிவாடிக்கும் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் நான் சேர்ந்தபோது ஆள் ஈர்க்குச்சி. டிரைவர் செல்லையா அண்ணன் பிரேக்கைத் தொட்டால் போதும், யார் மேலாவது போய் விழுவேன். புகார் மேல் புகார். கடைசியில் முதலாளி கூப்பிட்டு, "ஏலே முத்து, இன்னொருக்க நீ எவர் மேலயாச்சும் விழுந்ததாப் புகார் வந்துச்சு, அன்னைக்கே வீட்டுக்குப் போயிரு" என்று சொல்லிவிட்டார். எனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. பஸ்ஸில் வேலை என்று சொல்லித்தான் பெண் கொடுத்திருந்தார்கள்.

சாம்பார் அபிஷேகம்

அந்த எச்சரிக்கை வந்த மறுநாளே விழுந்தேன். அதுவும் ரோசலின் டீச்சர் மேல். திண்டுக்கல்லில் ஏறி, கன்னிவாடிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ட்ரில் சொல்லிக் கொடுக்கப் போகிறவர். என் வயதுதான் இருக்கும். ஆனால் அவர் 'அட்டென்ஷன்' என்றால் பஸ்ஸே நின்றுவிடும், குரல் அப்படி. அவர் மடியில் இருந்த தூக்குச்சட்டி திறந்து, வெள்ளைச் சேலை முழுக்கச் சாம்பார். நான் அழாத குறையாக, "டீச்சர், புகார் குடுத்தீங்கன்னா என் வேலை போயிரும்" என்றேன்.

டீச்சர் சேலையைப் பார்க்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, வகுப்பில் பேசுகிற அதே குரலில், பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "காலு நல்லாத்தான் இருக்கு. வயித்துலயும் முதுகுலயும்தான் பலமே இல்ல. நான் சொல்ற ட்ரில்ல தெனமும் படுத்துக்கிட்டே செய்யுங்க, புகார் குடுக்கல. ஒரு நாள் விட்டாலும் குடுப்பேன்!"

இரும்பு வைத்தியம்

ட்ரில் கேட்பதற்குச் சுலபம். மல்லாந்து படுக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, தலையையும் கால்களையும் கொஞ்சம் தூக்கி அப்படியே நிறுத்த வேண்டும். இவ்வளவுதானே என்று அலட்சியமாக நினைத்தேன். வீட்டில் காலை நீட்டித் தூக்குகிற அளவுக்கு இடம் இல்லாததால், கன்னிவாடியில் வண்டி நிற்கும் நேரத்தில் சீட்டுகளுக்கு நடுவே துண்டை விரித்துப் படுத்தேன். காலைத் தூக்கியதுதான் தாமதம், வயிறு நடுங்கியது, தொடை நடுங்கியது, பல் கிட்டிக்கொண்டது. பேச்சு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, கிராமங்களில் பூட்டு விற்றுவிட்டுத் திரும்பிய வியாபாரி ஒருவர் பஸ்ஸில் ஏறினார். என் கோலத்தைப் பார்த்ததும் அலறிக்கொண்டு பாய்ந்து வந்து, தம் பையிலிருந்த சாவிக்கொத்தை என் கையில் திணித்து, விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் தாங்காமல் நான் காலைக் கீழே போட்டேன். நடுக்கம் நின்றது. எனக்கு வலிப்பு இல்லை என்று எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை. அலறல் கேட்டுக் கூடிய கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாக, "பாத்தீகளா, தொட்ட ஒடனே நின்டுபோச்சு! திண்டுக்கல்லு இரும்புன்னா சும்மாவா?" என்றார்.

படுத்து ஊதிய விசில்

சில வாரம் போனதும் நடுக்கம் குறைந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே செய்வதை டீச்சர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். தலையைத் தூக்கும்போதெல்லாம் வாயால் நன்றாக ஊதி மூச்சை விட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். சொன்னபடியே செய்தேன். தலையைத் தூக்கினேன், ஊதினேன். மறுபடி தூக்கினேன், ஊதினேன். வாயில் விசில் இருந்தது நினைவில்லை.

ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த செல்லையா அண்ணன், இரண்டு விசில் கேட்டதும் கண்ணைத் திறந்தாரோ இல்லையோ, வண்டியைக் கிளப்பிவிட்டார். பஸ்ஸுக்குள் பயணி ஒருவரும் இல்லை. எல்லாரும் டீக்கடையில் இருந்தார்கள். கையில் கிளாஸோடு அவர்கள் பின்னால் ஓடிவர, கிளாஸுக்காக டீக்கடைக்காரர் அவர்கள் பின்னால் ஓடிவர, நான் நடுவில் உருண்டுகொண்டு அலறினேன். வண்டியை நிறுத்திய பிறகு அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு விசில் குடுத்தா நான் போகத்தான்டா செய்வேன். நீ நின்டு ஊதுனியா, படுத்து ஊதுனியான்னு திரும்பிப் பாத்துக்கிட்டா இருக்க முடியும்?"

ஓரத்து சீட்

நான் வழக்கமாக விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த சீட்டில் யாருமே உட்கார மாட்டார்கள். கூட்டமாக இருந்தாலும் நின்றுகொண்டுதான் வருவார்கள். ஒருநாள் மல்லிகைப்பூக் கூடையோடு ஏறிய அம்மாள் ஒருவர் அங்கே போய்ச் சாவகாசமாக உட்கார்ந்து, கூடையையும் என் காலடியில் வைத்தார். என்னை அறியாமல், "பூ நசுங்கிரும்மா" என்றேன்.

அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "ஒரு மாசமா பாத்துக்கிட்டுத்தேன் வாரேன். நீ இப்ப விழுகுறதில்லயே அப்பு" என்றார்.

தைப்பூச ஸ்பெஷல்

தைப்பூசத்துக்கு எங்கள் வண்டியைப் பழனிக்கு விட்டார்கள். கூட்டத்தைக் கண்ணால் பார்க்க முதலாளியும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பழைய புகார்களை அவர் மறக்கவில்லை என்பது, அவர் என் காலையே பார்த்துக்கொண்டு வந்ததில் தெரிந்தது. இன்றைக்கு விழுந்தால் நாளைக்கு வேலை இல்லை.

ஒட்டன்சத்திரம் தாண்டியதும், பின்னால் யார் யார் டிக்கெட் வாங்கவில்லை என்று பார்க்க முதலாளி எழுந்து நின்றார். அதே நேரம், காவடிக்காரர்களோடு போன வண்டிமாடு ஒன்று அவிழ்ந்து சாலைக்குக் குறுக்கே வந்தது. செல்லையா அண்ணன் பிரேக்கை மிதித்த மிதியில் மொத்தக் கூட்டமும் முன்னால் சரிந்தது. நான் காலை அகட்டி வயிற்றை இழுத்தேன். கைக்குழந்தையோடு நின்ற பெண் ஒருத்தி என் மேல் சாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். அத்தனை பாரமும் என் மேல். குழந்தையை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, அசையாமல் நின்றேன்! இத்தனை நாள் படுத்து நடுங்கியதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வந்து என் முதுகைத் தாங்கியது. சிங்கம்போல் கர்ஜிக்கலாமா என்று தோன்றியது. குழந்தை பயந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

தலைகளுக்கு நடுவே முதலாளியைத் தேடினேன். மொட்டை போடப் போகிற ஒரு பெரியவர் மடியில் மல்லாந்து கிடந்தார். பெரியவர் பதறாமல், "ஏனுங்க, செத்த எந்திரிச்சீங்கன்னா தேவலைங்க" என்றார். முதலாளி எழுந்தார், வேட்டியை உதறினார், என் கையில் இருந்த குழந்தையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "இனிமே பழனி வண்டி ஒனக்குத்தேன்லே. நான் விழுந்தத மட்டும் ஷெட்டுல சொல்லிராத."

நின்று பிழைக்கிற தொழிலில் நிமிர்ந்து நிற்பதற்கு, நான் முதலில் ஊரார் பார்க்க மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது.