மலைப்பாதையில் ஒரு காலையைக் கேட்டவர்

பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில்தான் செய்தி வந்தது. "பிலோமினா டீச்சர் லோயர் கேம்ப் ரோட்டில் விபத்தில் காலமானார்." நான் அதை இரண்டாம் முறை வாசிப்பதற்குள் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் யாரோ ஒருவர், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல், இன்னொருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருந்தார். பிறகு டீச்சரின் தம்பி ஞானம் ராயப்பன்பட்டியிலிருந்து அழைத்தார். "சார், அக்கா போயிருச்சு" என்றார். 

அவரை அறிந்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. தேவாரம் ஊரில் ஒரே பள்ளியில் அவர் வேதியியலும் நான் வரலாறும் நடத்தினோம். பிள்ளைகள் அவரைச் 'சைக்கிள் டீச்சர்' என்றார்கள். காரோ ஸ்கூட்டரோ அவர் கடைசிவரை ஓட்டப் பழகவில்லை. பின்சக்கரத்தின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு போடிமெட்டு, குமுளி, மேகமலை என்று ஏறுவார். விடுமுறை நீண்டால் மூணாறு தாண்டியும் போவார். "இந்த வயசுல எதுக்கு டீச்சர் இந்தப் பாடு?" என்று ஆசிரியர் அறையில் கேட்பார்கள். "காருல போனா மலை சன்னல்ல ஓடுது. சைக்கிள்ல போனா தொடையில ஏறுது" என்பார். சிரிப்பார்கள். அவர்களுடைய சிரிப்பில் கொஞ்சம் ஏளனமும் இருந்தது என்பதை இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும்.

ஒரு மே மாதம் நானும் அவரும் ரயிலில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வடக்கே, பனிமலை நாடான ஸ்பிட்டிப் பக்கம் போனோம். நாக்கோ என்ற ஊருக்கு ஏறும் பாதையில் எனக்குத் தலை பிளந்தது. மூச்சு தொண்டையோடு நின்றது. ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டு நிறுத்தினார். "ஏறிப் போங்க சார். தல வலியோட ஏறி யாருக்கு என்னத்தக் காட்டப் போறீக? மேல பாப்போம்" என்று என் சைக்கிளையும் தூக்கிப் போட உதவினார் டீச்சர். அவர் ஏறவில்லை. சாயங்காலம் ஊர் எல்லையில் காத்து நின்றேன். வெயிலில் முகம் வெந்துபோய், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தார். தள்ளிக்கொண்டா வந்தீர்கள் என்று கேட்டுவிட்டேன். "தள்ளுறதும் சைக்கிள் ஓட்டுறதுதான் சார். நீங்க சாப்டீகளா?" என்றார்.

அவர் மிகவும் மகிழ்ந்திருந்த நாள் எதுவென்று கேட்டால் போடிமெட்டில் மண் சரிந்த நாளைத்தான் சொல்வேன். மழையில் பாதை அடைபட்டு வண்டிகள் ஓடாதிருந்தன. அன்று மழை வெறித்திருந்தது. மண்ணை அள்ளிக்கொண்டிருந்த ஆட்களிடம் கேட்டுக்கொண்டு, சரிந்த இடத்தில் மட்டும் சைக்கிள்களைத் தோளில் சுமந்து கடந்தோம். அதற்கு மேல் மலை முழுக்க எங்கள் இருவருக்கும்தான். ஹாரன் இல்லை, டீசல் புகை இல்லை. பாறையில் தண்ணீர் விழும் சத்தமும் எங்கள் சங்கிலியின் சத்தமும் மட்டும் கேட்டன. கொண்டை ஊசி வளைவுகளில் டீச்சர் பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அகலமாக வளைந்து ஏறினார். அப்படி ஏற அவருக்கு அதுவரை யாரும் இடம் விட்டதில்லை.

உச்சியில் ஒரே ஒரு டீக்கடைதான் திறந்திருந்தது. கடைக்காரம்மா கிளாஸைத் தட்டென்று வைத்தார். "வண்டி இல்லாம நல்லாருக்குன்னு சிரிச்சுக்கிட்டு வாரீக. நாலு நாளா எனக்கு யாவாரம் இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு டீ குடிச்சா எம் பொழப்பு ஓடிருமா?" டீச்சர் ஆறிப்போன வடைகளையெல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இறங்கும்போது சொன்னார்: "அந்தம்மா சொல்றது ஞாயம் சார். மலைய மொத்தமாக் கேக்கக் கூடாது. ஒரே ஒரு காலைய மட்டும் கேப்போம்."

கேட்டார். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில், மாதத்தில் ஒரு ஞாயிறு, விடிந்ததிலிருந்து ஒன்பது மணிவரை சுற்றுலாக் கார்கள் வேண்டாம். பஸ் போகட்டும், ஆம்புலன்ஸ் போகட்டும், எஸ்டேட் ஆட்களின் வண்டி போகட்டும். கேட்டது அவ்வளவுதான். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது. அது மறுபடி முதல் அலுவலகத்தைக் காட்டியது. ஒரு முறை நானும் கூடப் போனேன். "ஏம்மா, ரோடு போட்டதே வண்டி போகத்தான?" என்றார் அதிகாரி. "சைக்கிளும் வண்டிதான் சார்" என்றார் டீச்சர். அதிகாரி என் பக்கம் திரும்பி, டீச்சர் அங்கே இல்லாததுபோல என்னிடம் கேட்டார்: "மலையில சைக்கிள்காரவுகளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?" அவர்கள் மறுத்ததற்குச் சொன்ன காரணம் அதுதான். எங்கள் பாதுகாப்பு.

அந்தக் கேள்வியை இப்போது நான் அந்த அதிகாரியிடம் திருப்பிக் கேட்கலாம். கேட்டால் வருத்தம் தெரிவிப்பார்.

"சைக்கிளில் இருந்து தவறி விழுந்து ஆசிரியை பலி" என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறிக்கொண்டிருந்தவர் அவர். ஏற்றத்தில், நடையின் வேகத்தில் போகிற சைக்கிளிலிருந்து தவறி விழுந்தால் முழங்கை சிராயும். உயிர் போகாது. செய்தியை எழுதியவருக்கும் இது தோன்றவில்லை, வாசித்தவர்களும் கேட்கவில்லை.

பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போன ஜீப்பில் இருந்த பேச்சியம்மாள். ஞானமும் நானும் கம்பத்தில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டோம். "வெள்ளக் காருய்யா. வளவுல எங்க ஜீப்பத் தாண்டுச்சு. எதுக்க பஸ்ஸு வரவும் வெடுக்குன்னு உள்ள ஒடிச்சான். டீச்சர் ரோட்டோரச் செவத்த ஒட்டித்தான் போய்க்கிட்டிருந்தாக. அப்பிடியே செவத்தோட வச்சு நசுக்கிட்டான். நின்னான்யா, பின்னாடி செவப்பு லைட்டு எரிஞ்சுச்சு. பெறகு போயிட்டான்." இதையெல்லாம் அவர் போலீஸிடமும் சொல்லியிருக்கிறார். நம்பர் என்ன என்று கேட்டார்களாம். "எனக்கு எழுத்து தெரியாது. கலருதான் தெரியும்னேன். போகச் சொல்லிட்டாக." ஜீப் ஓட்டியவர் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். அவருக்கு நாளையும் அந்த மலையில் ஓட்ட வேண்டியிருக்கிறது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து டீச்சர் நினைவாக ஒரு சைக்கிள் பேரணி வைத்தார்கள். கொடியசைக்க வந்தவர், பாதுகாப்பைப் பற்றிக் கேட்ட அதே அதிகாரி. சைக்கிள்களுக்கு முன்னால் ஒரு கார், பின்னால் ஒலிபெருக்கி கட்டிய வண்டி, அதற்கும் பின்னால் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கார்களின் வரிசை. முன்னால் நின்ற காரின் பானெட்டில் மாலை போட்டு டீச்சரின் படத்தைக் கட்டியிருந்தார்கள்.

ஞானம் போய் ஏற்பாட்டாளர் முன் நின்றார். "காரெல்லாம் இங்கனயே நிறுத்திட்டு வாங்கய்யா."

"தம்பி, வெயில் ஏறுது. வந்திருக்கவுக எல்லாம் பெரிய ஆளுக. அவுகள மிதிக்கச் சொல்ல முடியுமா?"

"அப்ப எங்க அக்காளக் குடுத்துருங்க."

ஞானம் பானெட்டில் கட்டிய கயிற்றை அவிழ்த்தார். நான் முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ராயப்பன்பட்டிப் பாதையில் நடந்து போனார். மாலை மட்டும் பானெட்டில் கிடந்தது. அதோடு பேரணி கிளம்பியது. படம் இல்லாதது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. மறுநாள் பத்திரிகையில் பேரணிக்குப் பெரிய இடம் கிடைத்தது.

டீச்சர் எதையும் மன்னித்துவிடுவார் என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். அவரை அப்படி இனிப்பாக்காதீர்கள். அவருக்குக் கோபம் உண்டு. அது அவரைக் காலையில் எழுப்பி மிதிக்க வைத்த கோபம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியதும் அந்தக் கோபம்தான். போன வாரம் முதல்முறையாகத் தனியே குமுளிக்கு ஏறினேன். ஒரு கார் பின்னால் வந்து விடாமல் ஹாரன் அடித்தது. வளைவில் ஓரம் ஒதுங்கினால் இடம் இருக்கிறதென்று நுழைவார்கள் என்பதை இப்போது நான் அறிவேன். பாதையின் நடுவில், என் வேகத்தில், வளைவு முடியும்வரை போனேன். நேர்ப்பாதை வந்ததும் கார் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கியது. "யோவ், சாகணும்னு வந்தியா?" என்றான் ஓட்டியவன்.

"இல்ல. குமுளிக்கு" என்றேன்.

கார் சீறிக்கொண்டு முன்னால் போனது. இறங்கிச் சிறிது தூரம் தள்ளினேன். பிறகு ஏறி மிதித்தேன்.