சத்யப்ரியாவை விதவையாக்கிய ஃப்ளெக்ஸ்

ஏழைப் பெண்களை முன்னேற்றியே தீருவது என்று ஒருவர் கிளம்பிவிட்டால், அவரிடமிருந்து அந்தப் பெண்களைக் காப்பாற்ற ஆள் கிடையாது. மதுரை பசுமலையில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து அப்படிக் கிளம்பியவர் ராஜகுரு. அவருடைய அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். அதை அவரே ஊர் முழுக்கக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.

சத்யப்ரியா கீழக்குயில்குடியில் பிறந்தவள். பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தால் நாடகத்துக்கும் நடனத்துக்கும் முகம் எழுத அவளைத்தான் தேடுவார்கள். பன்னிரண்டாவது முடித்த கையோடு கருத்தக்கண்ணனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். குடிக்கமாட்டான், கை நீட்டமாட்டான். சம்பாதிப்பதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். முன்னேற்றுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட புருசனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். உட்கார விடமாட்டார்கள். சாயங்காலம் வீடு வரும்போது கால் வீங்கியிருக்கும். அந்த நேரத்தில்தான் ராஜகுருவின் மாடியில் மணப்பெண் அலங்காரம் இலவசமாகக் கற்றுத்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டாள். விதவைப் பெண்களுக்கான பயிற்சி அது. வெளிநாட்டில் யாரோ மனமிரங்கி அதற்கென்று பணம் அனுப்பியிருந்தார்கள். ஆனால் விதவைகளில் பலர் பகலில் வேலைக்குப் போய்விடுவதால் வகுப்பில் ஆள் குறைந்தது. கிடைத்தவர்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்தார் ராஜகுரு. சத்யப்ரியா கடை வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

அவளுக்கு அது கைவந்துவிட்டது. எந்த நிறத்துக்கு எது பொருந்தும், வியர்வையில் எது வழியும், முகூர்த்தம் முடிகிறவரை கொண்டை நிற்க எங்கே ஊசி குத்தவேண்டும் எல்லாம் படிந்தது. பயிற்சி முடிகிற சமயம் மகால் பக்கம் தெரிந்தவர் வீட்டில் நடந்த நிச்சயதார்த்தத்தில் பெண்ணுக்கு அலங்காரம் செய்தாள். அதைப் பார்த்துவிட்டு பத்மாசினி என்ற சௌராஷ்டிரா அம்மாள் தன் மகள் காவ்யஸ்ரீயின் கல்யாணத்துக்கு அவளைப் பேசிவைத்தாள். பெரிய பட்டு வியாபாரக் குடும்பம். அந்தக் கல்யாணத்தில் பெயர் வாங்கிவிட்டால் அடுத்தடுத்த தெருவுக்கும் அவள்தான் போவாள். சொந்தமாக ஒரு பார்லர் வைப்பதற்கு பசுமலைப் பக்கம் ஒரு சின்ன அறையைக்கூடப் பார்த்துவைத்துவிட்டாள்.

அப்போதுதான் அமைப்புக்கு ஆண்டு விழா வந்தது. விழா என்றால் வெற்றிக்கதை வேண்டும். வெற்றிக்கதைக்கு ஒரு முகம் வேண்டும். வகுப்பிலேயே நன்றாகச் செய்கிறவள் அழகம்மாள் என்ற விதவை. அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். ராஜகுருவின் பார்வை சத்யப்ரியா மேல் விழுந்தது.

"ஒரே ஒரு போட்டோம்மா. பணம் அனுப்புறவங்க பாக்குறதுக்கு. அவங்க எங்கயோ இருக்காங்க, இங்க யார் பாக்கப் போறா? பொட்டை மட்டும் எடுத்துரு, தாலிய உள்ள விட்டுக்க. லேசா சிரி. ரொம்பச் சிரிச்சிராத."

பயிற்சி முடித்தவர்களுக்கான மேக்கப் பெட்டியை விழா முடிந்துதான் தருவார்கள். அதையும் அவர் மறக்காமல் நினைவூட்டினார். பெட்டி இல்லாமல் காவ்யஸ்ரீக்கு எதை வைத்து அலங்காரம் செய்வது? நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வந்து நின்றாள். அது தப்பு என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் நின்றாள்.

மதுரையில் ஒருவன் தும்மினாலே ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள். ஆண்டு விழாவை விடுவார்களா? பசுமலை மெயின் ரோட்டிலும் பழங்காநத்தம் சிக்னலிலும் ஆள் உயரத்துக்கு வைத்தார்கள். மேலே கும்பிட்ட கையோடு ராஜகுரு, கீழே வெறும் நெற்றியோடு சத்யப்ரியா. 'கணவரை இழந்தார், கலங்கவில்லை. இன்று மணமகள் அலங்கார நிபுணர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இதை எழுதியவர், அச்சடித்தவர், கம்பு நட்டுக் கட்டியவர், யாருக்கும் அந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்கத் தோன்றவில்லை.

ரோட்டில் போனவர்கள் படித்தார்கள். யாரோ அதைப் படம் பிடித்து அனுப்ப, அது அலங்காநல்லூர் வரை போனது. மறுநாள் காலையில் கருத்தக்கண்ணனின் பெரியப்பா பேயாண்டி ரோஜா மாலையோடு பஸ் பிடித்து வந்துவிட்டார். தெருமுனையிலேயே துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தவருக்கு, கதவைத் திறந்தது கைலி கட்டிய கருத்தக்கண்ணன்.

"ஏன்டா, நீ இருக்கியாடா?"

"இருக்கேன் பெரியப்பா. உள்ள வாங்க, காபி சாப்புடுங்க."

"அப்ப இந்த மாலைய என்ன செய்ய? எம்புட்டு அலைஞ்சு வாங்குனேன் தெரியுமா?"

"வச்சுட்டுப் போங்க. என்னைக்கா இருந்தாலும் வேணும்ல."

கருத்தக்கண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் பெரியவர் போனபிறகு சாப்பிடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சத்யப்ரியா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று மத்தியானமே பத்மாசினியிடமிருந்து போன் வந்தது. வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றாள். சத்யப்ரியா விடவில்லை. மார்க்கெட்டிலிருந்து புருசனை வரச்சொல்லி, வெள்ளைச் சட்டை போடவைத்து, அவர்கள் வீட்டுக்கே கூட்டிப்போனாள். வெங்காயம் ஏற்றுகிற நேரத்தை விட்டுவிட்டு அவன் வரவேற்பறை சோபா நுனியில், தான் உயிரோடு இருப்பதை நிரூபிப்பதற்காக உட்கார்ந்திருந்தான்.

"பாருங்கக்கா, நல்லா இருக்காரு. அது சும்மா போட்டோவுக்கு எடுத்தது."

பத்மாசினி கெட்டவள் இல்லை. அவனுக்கு மோர் கொடுத்தாள். பிறகு சத்யப்ரியாவைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"அவர் நூறு வருசம் நல்லா இருக்கட்டும்மா. ஆனா மண்டபத்துக்கு வர்றவங்க எல்லாரும் அந்த சிக்னல்லதான் நின்னு வரணும். உன் மூஞ்சிய அம்புட்டுப் பெருசா பாத்துட்டு வருவாங்க. நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் இல்லைன்னு சொல்ல முடியுமா? அதுவும், புருசன் இருக்கும்போதே பொட்டை எடுத்துட்டு நின்னவள்னா இன்னும் மோசமாவுல்ல பேசுவாங்க. எம்பொண்ணு விசயம்மா."

எந்தத் தெருவுக்குப் போயிருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். மணப்பெண்ணின் நெற்றியில் பொட்டு வைக்கிற கை சுமங்கலியின் கையாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் இந்த ஊரில் எல்லாச் சாதியும் ஒரே கட்சி. பார்த்துவைத்த அறையை வேறு யாருக்கோ விட்டுவிட்டதாக வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார்.

மறுநாள் சத்யப்ரியா ராஜகுருவின் மாடிக்கு ஏறினாள். விழா முடிந்த கையோடு அடுத்த பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருத்திக்கு ஒருத்தி முகத்தில் பவுண்டேசன் தடவிக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் அவளோடு படித்த விதவைகள். மூலையில் அழகம்மாள். அதே பயிற்சியில் அவள் மறுபடியும் சேர்ந்திருந்தாள். எல்லோரும் ஏற்கெனவே சான்றிதழ் வாங்கியவர்கள். அவர்களைத் திரும்பத் திரும்பப் பயிற்றுவித்து, ஒவ்வொரு தடவையும் புதிதாக முன்னேறியவர்களாகக் கணக்குக் காட்டுவதில் ராஜகுரு கெட்டிக்காரர்.

"வாம்மா, வா. உன் போட்டோ வெளிநாட்டுல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சாம்" என்றார். முகம் மலர்ந்திருந்தது.

"ஃப்ளெக்ஸ இறக்குங்க சார். என் பொழப்பே போச்சு."

"என்னம்மா இது, இவ்ளோ பயிற்சிக்கு அப்புறம் நீயே இப்படிப் பேசலாமா? தன்னம்பிக்கைதான் முக்கியம். வேணும்னா நம்ம கவுன்சிலிங் மேடத்துகிட்ட கொஞ்சம் பேசிட்டுப் போயேன்."

சத்யப்ரியாவுக்கு அதுவரை இருந்த பொறுமை போய்விட்டது. அவள் குரல் மாடி முழுக்கக் கேட்டது.

"தன்னம்பிக்கைய வச்சு நான் என்ன செய்ய? தாலியறுத்தவள்னு ஊரெல்லாம் எழுதி வச்சிட்டீங்க. தாலியறுத்தவள எந்தக் கல்யாண வீட்டுல பொண்ணு மூஞ்சியத் தொட விடுவாங்க? இதுகூடத் தெரியாமயா அலங்காரம் சொல்லிக்குடுக்கீங்க?"

வகுப்பில் கைகள் நின்றன. சொன்ன வார்த்தை யார் மேல் போய் விழுந்தது என்பது சொன்ன பிறகுதான் சத்யப்ரியாவுக்கு உறைத்தது. இத்தனை மாதம் இவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இவர்கள் முகத்தில் பழகி, இவர்கள் சாப்பாட்டைப் பங்குபோட்டுச் சாப்பிட்டவள். இவர்கள் ஏன் இன்னும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாள்கூட அவள் யோசித்ததில்லை. ராஜகுருவைத் திட்ட அவளுக்கு வாய் இருந்தது. இவர்களைப் பார்க்க முகம் இல்லை.

அழகம்மாள் பிரஷைத் துடைத்துக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை.

"சார், அவ கேக்குறதத்தான் நாங்களும் மொத நாள்லருந்து கேக்கணும்னு இருக்கோம்" என்றாள். "எங்களுக்கும் சேத்தே பதில் சொல்லிருங்க."

ராஜகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பையனைக் கூப்பிட்டு எல்லோருக்கும் டீ சொல்லச் சொன்னார். டீ வந்தது. அழகம்மாள் அதைத் தொடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.