இவருடைய பத்து விரல்கள்

வாசலில் பைக் சத்தம் கேட்டாலே போன மாதம் முழுக்க கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். போலீஸ் வெரிஃபிகேஷனா, போஸ்ட்மேனா என்று ஜன்னலுக்கு ஓடுவேன். கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் ஜுரம்!

எங்கள் வீட்டில் மூன்று பாஸ்போர்ட் – எனக்கு, என் கணவருக்கு, மகன் விக்னேஷுக்கு. ஒன்றாக எடுத்ததால் ஒன்றாகவே காலாவதியாகிவிட்டன. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால், தேதியை யார் எடுத்துப் பார்த்தோம்? மஸ்கட்டிலிருந்து மகள் நித்யா போன் செய்த பிறகுதான் பார்த்தோம்.

அவளுக்குத் தலைப்பிரசவம். பிரஷர் ஏறியிருக்கிறது, படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளைக்கோ ஷிஃப்ட் வேலை. “எல்லாரும் வாங்கம்மா. அப்பா கண்டிப்பா வரணும். அவர் பக்கத்துல இருந்தா எனக்கு பயம் இருக்காது” என்றாள். பெற்றவளிடமே சொல்கிறாள்… கோபித்துக்கொள்ளக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவள் குரல் அப்படி இருந்தது.

விக்னேஷ் ஆன்லைனில் விண்ணப்பித்து, மூன்று பேருக்கும் வேலூரில் ஒரே நாளில் அப்பாயின்ட்மென்ட் வாங்கினான். அங்கே கைரேகை எடுப்பார்கள் என்றான். என் பயம் அந்த நிமிடத்தில்தான் ஆரம்பித்தது.

என் கணவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஷூவின் மேல்தோலையும் அடிப்பாகத்தையும் பசை போட்டு ஒட்டுகிற செக்‌ஷன். அந்தப் பசைக்கு எங்கள் பக்கத்தில் ‘சொல்யூஷன்’ என்று பெயர். சூப்பர்வைசர் என்றால் நின்று பார்த்தால் போதாதா? இவர் குனிந்து ஒட்டிக் காட்டுவார். விரல் நுனியெல்லாம் மஞ்சளாகக் காய்ந்த சொல்யூஷன். தினமும் சாப்பாட்டுத் தட்டில் பார்க்கிற விரல்கள்தான். அன்றைக்குத்தான் பயத்தோடு பார்த்தேன்.

அப்பாயின்ட்மென்ட்டுக்கு முதல் நாள் பெயின்ட் தின்னர் தொட்டுத் துடைத்தேன். போதவில்லை. எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். அதுவும் போதவில்லை. கடைசியில், குளிக்கும்போது பாதம் தேய்க்கிற கல்லை எடுத்துவிட்டேன். “இன்னா இது, தோல் உரியுது, வுடு” என்றார். நான் விடவில்லை. பத்து விரலும் பளபளவென்று ஆன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் வேலூர் லாங் பஜார் நெரிசலில் ஆட்டோ நின்றபோதுகூட, கம்பியைப் பிடிக்காதீர்கள் என்று அவரை அதட்டிக்கொண்டே போனேன்.

கவுண்டரில் என் ரேகை விழுந்தது. விக்னேஷுடையதும் விழுந்தது. இவர் விரலை வைத்தார்… மெஷின் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். இல்லை. இன்னொரு கை. அதுவும் இல்லை. கவுண்டரில் இருந்த இளம்பெண் அவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். வழவழவென்று, ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

கறையை எடுக்கிறேன் என்று ரேகையையே தேய்த்து எடுத்திருக்கிறேன்!

கொஞ்சம் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்தவரை அழைத்தார். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தோம். இவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “எனக்கு வரலன்னா நீயும் அவனும் போய்ட்டு வாங்க. பாப்பாகிட்ட லீவு கிடைக்கலன்னு சொல்லிக்கலாம்” என்றார், கையைப் பார்த்தபடியே. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன்.

மறுபடி அழைத்தார்கள். என்ன வேலை என்று இவரிடம் கேட்டுவிட்டு, தன் அப்பாவும் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தவர்தான் என்றார் அந்தப் பெண். பிறகு, “அழுத்தாதீங்க சார். பயத்துல ஜாஸ்தி அழுத்துறீங்க. சும்மா வைங்க” என்றார்.

சும்மா வைத்தார். ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. கட்டைவிரல் மட்டும் கடைசிவரை அடம்பிடித்து, அரைகுறையாக விழுந்தது. அதிகாரிகள் பார்த்துச் சொல்வார்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என்ன சொல்வார்கள்? யாரிடம் கேட்பது?

பயந்தவர்கள் சும்மா இருப்பதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? எதையாவது தேய்க்கிறோம், எதையாவது அழுத்துகிறோம். பாதிக் காரியம் அதில்தான் கெடுகிறது.

இது புரிந்து என்ன பிரயோஜனம்? என் பாஸ்போர்ட் வந்தது. விக்னேஷுடையது வந்தது. இவருடையது மட்டும் வரவில்லை. நித்யா தினமும் போனில் “அப்பாவோடது?” என்பாள். வந்துவிடும் என்று நானும் தினமும் பொய் சொல்வேன். இவர் கம்பெனியில் கையுறை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கத் தொடங்கிவிட்டார். அதற்குக் கூட வேலை பார்க்கிற தோஸ்துங்க பண்ணுகிற கிண்டல் தாங்க முடியவில்லையாம். வீட்டிலோ யாரும் பார்க்காதபோது கட்டைவிரலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொள்வார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

போன வியாழன் இவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்த நேரம், வாசலில் பைக் சத்தம். போஸ்ட்மேன். பாஸ்போர்ட் கவரில் இவர் பெயர்! வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடச் சொல்லி அவர் பேனாவை நீட்டினார்.

இவர் கட்டைவிரலை நீட்டினார்.